'எனக்குக் கணக்கே வராது சார்' - வகுப்பறையில் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி? ஆய்வுகள் சொல்வது என்ன?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி வந்துவிட்டன. எட்டாம் வகுப்பு. கணக்கில் இரண்டு மாணவர்களுக்கு ஒரே மதிப்பெண், 100க்கு 22 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தாளை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு, "எனக்குக் கணக்கே வராது சார்" என்கிறார். இன்னொருவர், "இந்தத் தடவை வடிவியல் பக்கமே போகல சார், அதான்" என்கிறார்.

மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குள் வடிவியல் பாடத்தைத் திறந்து பார்க்கப்போவது யார் என்று ஊகிப்பது கடினம் இல்லை. முதல் மாணவரைப் பொறுத்தவரை திறந்து பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

அந்த மாணவருக்கு ஆசிரியர் என்ன பதில் சொல்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். "பாசிட்டிவா இருப்பா" என்று சொன்னால் போதுமா? அப்படிச் சொல்கிற ஆசிரியருக்கே நம்பிக்கை குறைந்திருந்தால் என்ன ஆகும்?

இப்போது இது ஏன் பேசப்பட வேண்டும்?

2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த இரண்டு தீர்ப்புகள் இந்தக் கேள்வியை ஆசிரியர்களின் மேசைக்கே கொண்டுவந்துவிட்டன.

முதலாவது, ஜூலை 25 அன்று வந்தது. மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் 15 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து வைப்பதையும், பலர் முன் அவமானப்படுத்துவதையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்பவை அவற்றில் சில. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்துள்ளனர் என்பது இதன் பின்னணி.

இரண்டாவது, செப்டம்பர் 1 அன்று வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள், பணியில் இருப்பவர்கள் உட்பட, ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது 'டெட்'டில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. இந்தத் தேர்வே இல்லாத காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களும் இதற்குள் வருகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். "ஒரு பரீட்சைதான் வாழ்க்கையா?" என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய ஆசிரியர், தன் வேலையையே தீர்மானிக்கப்போகும் ஒரு பரீட்சைக்கு இரவில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை என்றால் சரியாக என்ன?

நம் ஊரில் 'நேர்மறை எண்ணம்' என்றதும் நினைவுக்கு வருவது பள்ளிச் சுவரில் எழுதிய பொன்மொழியும், ஆண்டு விழாவில் பேசிய தன்னம்பிக்கைப் பேச்சாளரும்தான். உளவியல் ஆய்வுகள் சொல்லும் நம்பிக்கை இதிலிருந்து கொஞ்சம் வேறு. அது முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தோல்வி வந்தால் அதற்கு நாம் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது.

இந்த ஆய்வின் தொடக்கம் 1967. அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து நடத்திய சோதனைகள் அவை. தாங்கள் என்ன செய்தாலும் நிற்காத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு ஒரு சிறிய தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை. அப்படியே படுத்துக்கிடந்தன. "எதைச் செய்தாலும் பயன் இல்லை" என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது.

ஆனால் எல்லா நாய்களும் அப்படிப் படுத்துவிடவில்லை. மனிதர்களிலும் அப்படித்தான். ஏன் சிலர் மட்டும் சோர்ந்துவிடுவதில்லை என்று தேடியபோது செலிக்மன் கவனித்தது, அவர்கள் தோல்வியை விளக்கும் விதத்தை. அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, இது எப்போதும் இப்படித்தானா, அல்லது இந்த முறை மட்டுமா? "நான் எப்பவுமே பெயில்தான்" என்பதற்கும் "இந்தப் பரீட்சைல பெயில்" என்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இரண்டு, இது எல்லாவற்றிலுமா, அல்லது இந்த ஒன்றில் மட்டுமா? "எனக்குப் படிப்பே ஏறாது" என்பதும் "பின்னங்கள் புரியல" என்பதும் ஒன்றல்ல.

மூன்று, முழுக்க முழுக்க நான்தான் காரணமா, அல்லது வேறு காரணங்களும் உண்டா? இது பழியைத் தூக்கி அடுத்தவர் மேல் போடுவதற்கான கேள்வி அல்ல. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பாடத்தை "நான் மக்கு" என்று கணக்கு எழுதிக்கொள்ளாமல் இருப்பதற்கான கேள்வி.

இந்தக் கதைக்கு 2016இல் ஒரு திருப்பம் வந்தது. அரை நூற்றாண்டு மூளை ஆய்வுகளுக்குப் பிறகு, தாங்கள் முதலில் சொன்னது தலைகீழாக இருந்தது என்று மேயரும் செலிக்மனும் சேர்ந்தே எழுதினார்கள். நீண்ட நேரம் துன்பம் தொடரும்போது ஒடுங்கிப்போவது, யாரும் கற்காமலே வரும் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு எதிரானதை: "நான் ஒன்று செய்தால் ஒன்று மாறும்" என்பதை.

ஆசிரியருக்கு இது முக்கியமான செய்தி. சோர்ந்து உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. தன் செயலால் ஒன்று மாறியது என்ற அனுபவம் அவருக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது பேச்சில் வராது. செய்து பார்த்தால்தான் வரும்.

ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை அவ்வளவு முக்கியமா?

"மரமண்டை", "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" போன்ற வசைகள் பழைய தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருக்கும். அவை தவறு என்று இன்று பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால், சாதாரணமாகத் தோன்றும் வாக்கியங்களிலும் அதே வேலை நடக்கிறது.

"நீ எப்பவுமே ஹோம்வொர்க் பண்றதில்ல" என்பது அந்த மாணவரைப் பற்றிய நிரந்தரத் தீர்ப்பு. "இந்த வாரம் மூணு நாள் ஹோம்வொர்க் வரல, என்ன ஆச்சு?" என்பது கண்டிப்புதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல முடியும். அடுத்த வாரம் மாற்றிக்காட்டவும் முடியும்.

பாராட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரை "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்களில் தடுமாறியபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டு வாங்கியவர்களே சீக்கிரம் மனம் விட்டார்கள். வெற்றிக்குக் காரணம் மூளை என்றால், தோல்விக்கும் அதுதானே காரணம்?

பெயர் வைப்பதும் இப்படித்தான். பள்ளிகளில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. அந்தப் பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயர் இறங்குவது எளிதல்ல. இதற்கு மாறான ஓர் உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். அரும்பு என்றால் இன்னும் மலரவில்லை என்றுதான் பொருள், மலராது என்று பொருள் இல்லை. ஆனால் நிலை மாறிய பிறகும் அதே குழுவிலேயே உட்காரவைத்தால், அரும்பும் நாளடைவில் இன்னொரு முத்திரை ஆகிவிடும்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரை மாற்றுமா?

இதில் மிகப் பிரபலமான ஆய்வு 1968இல் வந்தது. ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம், "இந்த ஆண்டு இந்தப் பிள்ளைகள் நன்றாக முன்னேறப்போகிறார்கள்" என்று சில பெயர்களைக் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கலில் எடுத்தவை. ஆண்டு முடிவில், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள் என்று ஆய்வு சொன்னது.

இந்த ஆய்வின் முறை பற்றிக் கடுமையான விமர்சனங்கள் வந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எதிர்பார்ப்பின் விளைவு உண்மைதான், ஆனால் பொதுவாகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு முக்கிய விதிவிலக்கு: சமூகத்தில் ஏற்கெனவே தாழ்த்திப் பார்க்கப்படும் குழுக்களைச் சேர்ந்த பிள்ளைகளிடம் அந்த விளைவு பெரிதாக இருக்கலாம். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்புக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

2006இல் வெய்ன் ஹோய் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 96 உயர்நிலைப் பள்ளிகளைப் பார்த்தார்கள். பெற்றோரின் வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் சில பள்ளிகள் ஏன் நன்றாகச் செய்கின்றன என்பது அவர்கள் கேள்வி. அங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தன: "நம்மால் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியும்" என்று ஆசிரியர்கள் கூட்டாக நம்பியது, மாணவர்கள் மீதும் பெற்றோர்கள் மீதும் அவர்களுக்கு இருந்த நம்பகம், படிப்பை விட்டுக்கொடுக்காத பள்ளிச் சூழல். மூன்றையும் சேர்த்து இதற்கு 'கல்விசார் நம்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அது ஒரு தனி ஆசிரியரின் குணம் அல்ல. ஆசிரியர் ஓய்வறையில் நடக்கும் பேச்சின் குணம். "இந்த ஊர்ப் பசங்க இவ்வளவுதான் சார்" என்று மூத்தவர் ஒருவர் சொல்ல, புதிதாகச் சேர்ந்தவர் தலையாட்டும் இடத்தில் தனியாக ஒருவர் நம்பிக்கையோடு இருப்பது கடினம்.

தனிப் பாடவேளை வைத்தால் போதாதா?

சரி, இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படியென்றால் வாரம் ஒரு 'நம்பிக்கை வகுப்பு' வைத்துவிடலாமே? இங்கேதான் ஆய்வுகள் கொஞ்சம் குளிர்ந்த நீரைத் தெளிக்கின்றன.

செலிக்மனின் குழு உருவாக்கிய பாடத்திட்டம் ஒன்றை 2007இல் இங்கிலாந்தின் மூன்று பகுதிகளில் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் தரப்பட்டது. முதலில் மாணவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் கொஞ்சம் குறைந்தன. இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்துபோனது.

2022இல் அதே நாட்டில் 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்ற இன்னொரு பெரிய ஆய்வு வெளிவந்தது. வகுப்பில் தியானமும் மனக்கவனப் பயிற்சியும் தந்து பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. பல பிள்ளைகள் அதை வீட்டில் செய்யவே இல்லை.

அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. மூளைத் திறன் பயிற்சியால் வளரும் என்று விளக்கும் இணையப் பாடம், மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள். மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்கு அது சிறிய முன்னேற்றத்தைத் தந்தது. ஆனால் அதே தரவுகளை வைத்து 2022இல் வந்த அடுத்த கட்டுரை சொன்னதுதான் முக்கியம்: கணக்குப் பாடத்தில், ஆசிரியரும் அதை நம்பிய வகுப்புகளில்தான் மதிப்பெண் கூடியது. ஆசிரியர் நம்பாத வகுப்பில் அந்தப் பாடம் பயன் தரவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான். நம்பிக்கையைத் தனிப் பாடமாக நடத்தினால் அது தேய்ந்துபோகிறது. கணக்கு, அறிவியல், தமிழ் என்று அன்றாடப் பாடம் நடக்கும் விதத்திலேயே இருந்தால்தான் தங்குகிறது. அதற்கு முதலில் ஆசிரியருக்கு அது இருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. அது பொன்மொழி அல்ல, எண்கள்.

கோவிட் காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. "ஒரு தலைமுறையே போச்சு" என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது, அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் கணிதத்திலும் தமிழிலும் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். இழப்பு உண்மையானது, பெரியது.

ஆனால் பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம், 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மீதி பெரும்பாலும் பள்ளிக்கூடம் திறந்து, ஆசிரியர்கள் பாடம் நடத்தியதால் வந்தது. பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் இழந்திருந்தார்கள். மீண்டு வந்ததிலும் அவர்கள் வேகம்தான் அதிகம்.

"எங்க பசங்களுக்கு இனிமே வராது" என்று நினைக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் வேறு இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று இது சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கு அப்போதும் பாக்கி இருந்தது. ஆனால் பாடம் நடத்தினால் மாற்றம் வருகிறது என்பதற்கு இது சான்று.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதும் இதோடு பொருந்துகிறது. "என்னால் முடியும்" என்ற எண்ணம் வருவதற்கு முதன்மையான வழி, தானே ஒன்றைச் செய்து வெற்றி பெறுவது. அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. ஊக்கப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அப்படியானால், குறுவள மையக் கூட்டங்களில் வெளியூர்ப் பேச்சாளரைவிடப் பயன் தரக்கூடியவர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர்தான். "எங்க ஸ்கூல்ல ஏழு பேருக்கு வகுத்தல் வரல. இப்படிப் பண்ணினேன், அஞ்சு பேருக்கு வந்துச்சு. ரெண்டு பேருக்கு இன்னும் வரல" என்று அவர் சொல்லும் பத்து நிமிடம் போதும். வராத அந்த இரண்டு பேரையும் சொல்வதால்தான் கேட்பவர்களுக்கு நம்பத் தோன்றும்.

2012 டெட் தேர்வு சொல்லும் பாடம்

மூன்று கேள்விகளும் ஆசிரியர்களுக்கே எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஒரு பழைய கதை உதவும்.

தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி ஒரு சதவீதம்கூட இல்லை. "வாத்தியாருங்களுக்கே ஒண்ணும் தெரியல" என்ற கேலி ஊரெல்லாம் பரவியது. அது நிரந்தரமான, எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொள்ளும் விளக்கம்.

ஆனால் அந்தத் தேர்வில் 150 கேள்விகளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணிதான். அதாவது ஒரு கேள்விக்கு 36 நொடி. அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு நடந்தபோது நேரம் மூன்று மணி ஆனது. தேர்ச்சி சுமார் 3 சதவீதமாக உயர்ந்தது. சில மாதங்களில் அத்தனை பேரும் புத்திசாலி ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாறியவற்றில் பெரியது நேரம்.

அதற்காக 3 சதவீதம் நல்ல முடிவு ஆகிவிடாது. நேரம் ஒரு காரணம், அது மட்டுமே காரணம் அல்ல. தயாரிப்பு, பயிற்சிக் கல்லூரிகளின் தரம் என்று மற்றவையும் மிச்சம் இருந்தன. நிதானமான நம்பிக்கை இப்படித்தான் வேலை செய்யும்: காரணங்களைப் பிரித்து, மாற்றக்கூடியதை முதலில் எடுக்கும், மீதியை மறைக்காது. இன்று மீண்டும் டெட் எழுத வேண்டிய ஆசிரியருக்கும், 22 மதிப்பெண் வாங்கிய மாணவருக்கும் வழி ஒன்றுதான்.

'பாசிட்டிவா இருங்க' என்பதில் என்ன ஆபத்து?

நம்பிக்கை பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை விட்டுவிட முடியாது. ஆசிரியர்களின் சோர்வுக்குக் காரணம் அவர்கள் மனநிலை மட்டும் அல்ல. எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, கணக்கெடுப்புகள், நலத்திட்டப் பொருள் விநியோகம், ஓராசிரியர் ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே நேரத்தில் பல வகுப்புகள் என்று பட்டியல் நீளம்.

இந்த நிலையில் ஒருவரை ஒரு நாள் பயிற்சிக்கு வரவழைத்து "நேர்மறையாகச் சிந்தியுங்கள்" என்றால், அமைப்பின் பிரச்சினை அவருடைய மனதின் பிரச்சினையாக மாறிவிடுகிறது. மேயரும் செலிக்மனும் 2016இல் எழுதியதை இங்கே மறுபடியும் நினைவில் கொள்ளலாம். நம்பிக்கைக்கு அடிப்படை, தன் செயலால் ஒன்று மாறும் என்ற அனுபவம். பாடவேளையில் பாதி நேரம் செல்போனில் விவரம் ஏற்றுவதில் போனால், அந்த அனுபவம் ஆசிரியருக்கு எப்போது கிடைக்கும்?

அதனால் ஆசிரியர்களிடம் நம்பிக்கையை வளர்க்க விரும்பும் கல்வித் துறை முதலில் கேட்க வேண்டியது, இந்த ஆண்டு அவர்களிடமிருந்து எந்த வேலையை எடுத்துவிடலாம் என்பதை.

அரசின் முடிவு ஒன்றே சூழலை மாற்றியதற்கு உதாரணமும் உண்டு. 2017இல் தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் மாநில 'ரேங்க்' பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதன் பிறகு தேர்வு முடிவு நாள் முழுவதும் மூன்று பெயர்களைச் சுற்றியே ஓடுவது குறைந்தது. எந்த ஆசிரியரும் எந்த மாணவரும் தன் மனநிலையை மாற்றிக்கொள்ளாமலே நடந்த மாற்றம் அது.

வகுப்பில் நாளை என்ன செய்யலாம்?

பெரிய மாற்றங்களுக்குக் காத்திருக்காமல், பாடவேளைக்குள்ளேயே செய்யக்கூடியவை சில:

1. விடைத்தாளில் மதிப்பெண்ணோடு ஒரு வரி: "22" என்று மட்டும் எழுதாமல், "கூட்டல் எல்லாம் சரி. கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில்தான் தவறு" என்று எழுதலாம். 40 பேருக்கும் ஒரே நாளில் முடியாது. முறை வைத்துப் பத்துப் பேருக்கு எழுதினால் நான்கு தேர்வுகளில் எல்லோருக்கும் வந்துவிடும்.

2. 'இன்னும்' என்ற சொல்: "எனக்கு வராது சார்" என்றால், "இன்னும் வரல. எந்த இடம் வரைக்கும் வருது, காட்டு" என்று கேட்கலாம். இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் வாக்கியம் வெறும் ஆறுதல்.

3. தவறைக் கரும்பலகையில் சரிசெய்வது: ஆசிரியரே கணக்கில் தடுமாறினால் அழித்துவிட்டு நகராமல், "எங்க தப்பு பண்ணினேன், பாருங்க" என்று வகுப்பையே தேடச் சொல்லலாம். தவறு என்பது தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு பொருள் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

4. துணைத்தேர்வு எழுதி வென்றவர்களை அழைப்பது: பொதுத்தேர்வில் தவறியவர்கள் அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்க வாய்ப்பு இருக்கிறது. முடிவு வருவதற்கு முன்பே இதை வகுப்பில் சொல்லிவைக்க வேண்டும். அப்படி எழுதித் தேறிய முன்னாள் மாணவர் ஒருவர் வந்து பேசினால் இன்னும் நல்லது. முதல் மதிப்பெண் வாங்கியவர் பேசுவதைவிட, கடைசி பெஞ்சுக்கு இது அதிகம் எட்டும்.

5. பெற்றோரிடம் பேசும் முறை: "உங்க பையன் படிக்கவே மாட்டேங்கிறான்மா" என்று சொன்னால் வீட்டில் அடிதான் விழும். "தமிழ் நல்லா வாசிக்கிறான். கணக்குல வாய்ப்பாடு மட்டும் தினமும் பத்து நிமிஷம் சொல்லச் சொல்லுங்க" என்றால், படிக்கத் தெரியாத அம்மாவாலும் அதைச் செய்ய முடியும்.

எல்லாவற்றுக்கும் நம்பிக்கை மருந்தாகுமா?

ஆகாது. சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாத, தூங்காத, யாரோடும் பேசாத, "நான் இருந்து என்ன பயன்" என்கிற ரீதியில் பேசும் மாணவருக்கு ஊக்கமொழி போதாது. அவருக்குத் தேவை மனநல உதவி. அந்த இடத்தில் ஆசிரியரின் வேலை, பதறாமல் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதும், தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதும், உடனே உரியவரிடம் சேர்ப்பதும்தான். ஆசிரியர்களுக்கும் இதே அறிகுறிகள் வரலாம். அவர்களும் உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்டுக்கு இருமுறை பயிற்சி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பயிற்சி இன்னொரு கையெழுத்துப் பதிவேடாக முடிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அது பயன்பட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, 22 மதிப்பெண் வாங்கிய மாணவரிடம் போய், "அடுத்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டுப் பார்க்கலாம். "தெரியல சார்" என்றால் பயிற்சி ஏட்டோடு நின்றுவிட்டது. "மொதல்ல அந்தக் கழித்தலைப் போட்டுப் பாக்கணும் சார்" என்று அவர் சொன்னால், எங்கோ ஓர் ஆசிரியர் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார்.

(மன அழுத்தம், தற்கொலை எண்ணம் இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். டெலி-மானஸ்: 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் உதவி எண்: 14417.)